பக்திப் படம் மட்டும்தான்

"நல்ல பெடியன். அக்கவுண்டன்ட். குடி இல்லை, சிகரெட் இல்லை. படம் பார்க்கமாட்டான் எண்டதுக்காக ஆரும் மாப்பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?"

ஜெகதீஸ்வரி போட்ட சத்தம் லண்டன் இல்ஃபோர்ட்டில் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மகள் லக்‌ஷிகா அசையவில்லை.

"ஏலாதம்மா. அவரோடை என்னத்தைக் கதைக்கிறது? சரியான அறுவை."

லக்‌ஷிகாவுக்குப் பழைய இத்தாலியப் படங்கள் என்றால் உயிர். கறுப்புக் கையுறை போட்ட கொலைகாரன், சிவப்பு வெளிச்சத்தில் சுழன்று போகும் படிக்கட்டு, அரைகுறை உடுப்போடு கட்டிலில் கிடந்து 'நான் கண்டது கனவா, கொலையா' என்று தவிக்கும் அழகி. கதை பாதி விளங்காது. ஆனாலும் படத்தை நிறுத்தி நிறுத்தி, சுவரின் நிறத்தைக்கூட ரசிப்பாள். ஆசையும் பயமும் ஒன்றாக வருகிற அந்த நடுக்கம் வேறு எந்தப் படத்திலும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

தாய்க்கு அவை ஊத்தைப் படங்கள்.

போன ஞாயிறு, ஆர்ச்வே முருகன் கோயிலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்தன. காரில் போகும்போதே தாய் எச்சரித்திருந்தாள்: "அந்தப் படங்களைப் பற்றி மூச்சும் விடக்கூடாது!"

கோயில் உள்வீதியைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை விதுசன் கேட்டான்: "படம் பார்ப்பீங்களோ?"

"எப்பவாவது. பக்திப் படம் மட்டும்தான். நீங்கள்?"

"நான்... பார்க்கிறேல்லை."

தான் சொன்னது பொய். ஆனால் அவன் சொன்னதை அப்படியே நம்பினாள். அதை வைத்துத்தான் லக்‌ஷிகா வேண்டாம் என்றாள்.

இரண்டு வருடம் போனது. தேம்ஸ் கரைத் தியேட்டர் ஒன்றில் பழைய இத்தாலியப் படம். முடிந்து விளக்குப் போட்டதும், முன்வரிசையில் எழுந்து திரும்பியவன் விதுசன்!

"நீங்கள் பக்திப் படம் மட்டும்தானே பார்ப்பீங்கள்?"

"நீங்கள் பார்க்கிறதே இல்லையெண்டீங்கள்!"

"யூனியிலை படிச்ச காலத்திலையிருந்து இந்தப் படங்கள் எண்டால் எனக்குப் பைத்தியம். வாய் திறக்கக்கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவா. உங்களுக்குப் பொய் சொன்னது பிறகு சரியா உறுத்திப்போட்டுது."

"என்ரை அம்மாவுந்தான்..."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். எவ்வளவு கதைத்திருக்கலாம்!

அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இவ சயந்தினி. என்ரை வைஃப்."

தனக்கேற்ற ரசிகையைத் தேடிப் பிடித்துவிட்டான்! லக்‌ஷிகாவுக்குப் பொறாமையாக இருந்தது.

"உங்களுக்கும் இந்தப் படங்கள் நல்ல விருப்பம்போல?"

"ஐயோ அக்கா, எனக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது! பாதிப் படம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தனான். ஆனா, பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கே, 'எனக்கு இப்பிடியான படங்கள்தான் விருப்பம், பிறகு தெரிஞ்சு கோவிக்காதேங்கோ' எண்டு இவர் உள்ளதைச் சொன்னவர். இதையே மறைக்காத மனிசன் வேறை என்னத்தை மறைக்கப்போறார் எண்டுதான் ஓமெண்டனான்."