ஒரு மேசைக்கு இருவர்

"போயும் போயும் இவன்கூடவா என்னைப் போட்டாங்க?"

உடற்கூறு ஆய்வுக்கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள் நெவெனா. ஓப்ராத் பிரேதத்தின் மேலிருந்த துணியை விலக்கினான். இரண்டு முறை இந்தப் பாடத்தில் தோற்று, மூன்றாம் முறையாக முதலாண்டில் நிற்பவன். நெவெனாவோ நீஷ் நகரத்துப் பள்ளியில் எல்லாவற்றிலும் முதல். இதிலும் பத்துக்குப் பத்து வாங்கினால் அடுத்த வருடம் புதிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் சீனியர் பதவி அவளுக்குத்தான். அந்தப் பதவிக்காகத் தூக்கத்தைக்கூட விட்டிருந்தாள்.

பேராசிரியை தரிங்காவின் வகுப்பில் மேசைக்கு இருவர். ஒருவர் பிரேதத்தின் கையை அறுத்துப் படித்து அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும், அடுத்தவர் காலை. ஓப்ராத்துக்குக் கை வந்தது.

"மூணு வருஷமா உனக்குக் கைதானாமே! கால் எப்ப வரும், கல்யாணத்துக்கு அப்புறமா?"

அவன் சிரித்துவிட்டு இடுக்கியால் ஒரு நரம்பைத் தூக்கிக் காட்டினான். "இது எலும்பைச் சுத்திக்கிட்டுப் போகுது பாரு. இங்க முறிஞ்சா மணிக்கட்டு தொங்கிடும்."

"எனக்கே பாடமா? சரி, சொல்லித் தொலை."

அவன் தினமும் பொறுமையாகச் சொன்னான். அவள் கொட்டாவி விட்டபடி கேட்டாள். அவள் முறை வந்தபோது கத்தியால் காலை மேலும் கீழும் ஒரு தட்டுத் தட்டினாள். "தொடை, முழங்கால், பாதம். மிச்சம் புத்தகத்துல இருக்கு."

"முழங்காலுக்கு வெளிப்பக்கம் போகுதே, இந்த நரம்பு எங்க போகுது?"

"பாதத்துக்குப் போகாம பெல்கிரேடுக்கா போகும்? உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது!"

"நெவெனா, பரீட்சையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இந்த மேடம்..."

"ரெண்டு தடவை கோட்டை விட்டவன் எனக்குப் பரீட்சையைப் பத்திச் சொல்றியா? வாயை மூடு சாமி!"

அவன் வாயை மூடிக்கொண்டான். யாராக இருந்தாலும் மூடிக்கொள்வார்கள்.

பரீட்சை நாளன்று தரிங்கா இவர்களுடைய மேசைக்கு வந்து, பிரேதத்தின் கையைக் காட்டி நெவெனாவைக் கேட்டார். அவள் தோளிலிருந்து விரல்நுனிவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மணிக்கட்டு ஏன் தொங்குகிறது என்பதையும் விடவில்லை.

"பத்து," என்றார் தரிங்கா.

அடுத்து ஓப்ராத்துக்குக் கால். "முழங்காலுக்கு வெளிப்பக்கம் அடிபட்டா பாதம் ஏன் தொங்குது?"

"அங்க ஒரு நரம்பு... பாதத்துக்குப் போகுது மேடம்." அவன் காது சிவந்தது. "அதுக்கு மேல தெரியல."

"அஞ்சு. தோல்வி."

நெவெனா உதட்டைச் சுழித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன் மேடம், இவனுக்கெல்லாம் மண்டையில ஏறாதுன்னு. பாவம், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

தரிங்கா கையுறையைக் கழற்றினார். "அவன் எதுக்குப் போகணும்? என் மேசையில சொல்லிக்கொடுத்தவங்களுக்குத்தாம்மா மார்க். கையைச் சொல்லிக்கொடுத்த ஓப்ராத்துக்குப் பத்து. காலைச் சொல்லிக்கொடுத்த உனக்குத்தான் அந்த அஞ்சு."