கடைசிக் கண்ணி

செல்லச்சாமியை அன்று காலையில் மூன்றாவது தடவையாக வெட்டினார்கள். மூன்று தடவையும் பின்னாலிருந்துதான். மூன்று தடவையும் தூக்கத்தில்தான்.

சிவகாசிச் சந்தையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கூட்டம் வட்டம் கட்டி நின்றது. பாட்டுக்காரர் கஞ்சிராவைத் தட்டிக் குரலை இழுத்தார்.

"பத்துப்பேர் துணையிருக்கப் பதுங்கி நரிபோலே – அவன்
படுத்தவன் பின்கழுத்தைப் பாய்ந்தறுத்தான் அருவாளாலே."

பக்கத்தில் முக்காடு போட்ட ஒருத்தி ஜால்ரா தட்டிப் பின்பாட்டுப் பாடினாள். வெட்டு விழும் இடத்தில் மட்டும் அவள் கை நின்றுவிடும்.

"தூங்குறவனை வெட்டுனவனுக்கு மீசை என்னத்துக்கு? மழிச்சுட்டுச் சீலை கட்டிக்கிடச் சொல்லுங்க" என்று மிளகாய்க்காரி பேச்சியம்மாள் காறித் துப்பினாள். கூட்டம் சிரித்தது.

எச்சில் கோட்டைச்சாமியின் காலருகே விழுந்தது. அவன் கை தானாக மீசைக்குப் போனது. வெட்டியவன் அவன்தான்.

ஊர் பார்க்கத் தன்னைச் செருப்பால் அடித்த செல்லச்சாமியை அவன் வெட்டி இரண்டு மாதம் ஆகிறது. போலீஸ் யார் யாரையோ பிடித்து, அடித்து, விட்டுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் கழுத்து தப்பும்.

ஆனால் இந்தப் பாட்டு மூன்று வாரமாகச் சந்தை சந்தையாக வருகிறது. அவன் மகனுக்கு ஐந்து வயது. நாளைக்கு அவனும் எங்காவது நின்று இதைக் கேட்பான்.

கூட்டம் கலைந்ததும் பாட்டுக்காரர் பின்னாலேயே வண்டிப்பேட்டைக்குப் போனான். மடியிலிருந்த சூரிக்கத்தியை உருவினான். ஒரே இழுப்பில் கஞ்சிராவின் தோல் இரண்டாகப் பிளந்தது.

"ஏலே பாட்டுக்காரா, அடுத்தது உன் தொண்டை."

முக்காட்டுக்காரி வண்டிச் சக்கரத்தோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். பாட்டுக்காரர் கத்தியைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"பாட்டு பிடிக்கலையா அண்ணாச்சி?"

"பத்துப் பேரா? எவம்லே எண்ணிப் பாத்தது?"

"கொலைச்சிந்துன்னா அப்படித்தான். செத்தவன் மலையா இருக்கணும், கொன்னவன் கூட்டமா வரணும். உயர்வு நவிற்சி. கூட்டிச் சொன்னாத்தான் சனம் அழுவாக."

"நரி போலேங்கிறியே?"

"அது உருவகம். அதையெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீக."

"'போல' வந்தா உவமைன்னு வேதமாணிக்கம் வாத்தியார் தொடையில கிள்ளிச் சொல்லிக்குடுத்தாரு. அஞ்சாப்புப் படிச்ச எனக்கே தெரியுது. நீயெல்லாம் பாட்டுக் கட்ட வந்துட்ட."

"பாடுற வாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான்." பாட்டுக்காரர் சிரித்துவைத்தார். "அடுத்த வாரம் புத்தகமாப் போடுதோம். இங்கனயே அச்சு, ரெண்டாயிரம் ஆர்டர். அச்சாயிட்டா அப்புறம் நரி நரிதான்."

"மாத்து."

"எதை வச்சு மாத்த? அங்கன நின்ன ஆளு யாராச்சும் சொல்லணும்ல?"

கோட்டைச்சாமி கத்தியைத் தரையில் குத்தினான்.

"எளுது. ஒத்த ஆளு. கூட எவனும் கிடையாது. அவன் தூங்கவும் இல்ல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்புனான். முகத்துக்கு நேராத்தான் வெட்டுனேன்."

பாட்டுக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "மொத வெட்டு எங்க?"

"இடது தோளு. ரெண்டாவதுக்குக் கையை நீட்டுனான், மூணு விரல் போச்சு. மூணாவது களுத்து." அவன் குரல் தணிந்தது. "ஓடியிருக்கலாம், ஓடல. அருவாளப் பிடிக்கத்தான் வந்தான். அதையும் போடு. ஓடுறவனை வெட்டுனா எனக்கு என்ன பெருமை?"

"போட்டுருவோம்."

"எம் பேரைப் போட்டேன்னு வையி, உனக்கு நாக்கு இருக்காது."

"பேரு எதுக்கு அண்ணாச்சி? வீரன்னு போட்டுக்கிடுதேன்."

கோட்டைச்சாமியின் தோள் இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தளர்ந்தது.

"இன்னும் ஒரு கண்ணிதான் பாக்கி" என்றார் பாட்டுக்காரர். "சிந்துன்னா அருவா எங்க போச்சுன்னு சொல்லித்தான் முடிக்கணும். இல்லைன்னா பாட்டு மொட்டையா நிக்கும்."

"நாரணாபுரம் பாதையில, செங்கச்சூளைக்குப் பின்னால ஒரு பாழுங்கெணறு. அடிப்படியில கல்லுக்குக் கீழ."

பென்சில் நின்றது. பாட்டுக்காரர் எழுதியதை முதலிலிருந்து மெதுவாக வாசித்துக் காட்டினார். கோட்டைச்சாமி கண்ணை மூடிக் கேட்டான். தோள், விரல், கழுத்து, கிணறு. எல்லாம் சரியாக இருந்தது. நரி இல்லை.

"எதுகை ஒண்ணையும் காணோமே?"

"பின்னால வந்துரும் அண்ணாச்சி."

பேட்டை வாசலில் மூட்டைமேல் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். கோட்டைச்சாமி கத்தியை எடுக்கக் குனிந்தான். அதன்மேல் பாட்டுக்காரரின் கால் இருந்தது.

சக்கரத்தோரம் இருந்தவள் எழுந்து வந்தாள். முக்காட்டை விலக்கினாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"எம் புருசன் ஓடலைங்கிறதை விட்டுறாம எளுதிக்கோங்க, ஏட்டையா."