சலாம் கொடுக்கும் வரை

டொரண்டோவில் குடியேறிய ஓவியர் மெஹர்பானின் கண்காட்சி. தரையைத் தொட்டு நின்ற பெரிய ஓவியத்தில், வானில் பறக்கும் காமிக்ஸ் வீரன் ஒருவன் தோளில் கட்டும் சிவப்புத் துணியைத் தொழுகைப் பாயாக விரித்து, பார்ப்பவர்களை நோக்கி சஜ்தாவில் நெற்றி பதித்திருந்தான். மகளைப் பார்க்கக் காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த வாப்பா அதன்முன் வந்ததும் நின்றுவிட்டார். மெஹர்பான் அவரருகே விரைந்தாள். உருவம் வரைவது ஹராம் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போடுவாரோ? பின்னால் கூட்டம் தேங்கியது.

“நடங்க வாப்பா, எல்லாரும் நிக்கிறாங்க.”

“தொழுவுற ஆளுக்கு முன்னால எப்படிம்மா குறுக்க போறது?” என்றார் அடங்கிய குரலில். “சலாம் கொடுத்து தொழுகைய முடிக்கட்டும், போவோம்.”

கைகட்டிக் காத்து நின்றார். அவன் எப்போது தலை தூக்குவான் என்று மெஹர்பானுக்கும் பதைக்கத் தொடங்கியது.