சிவப்புப் புள்ளி

வேறு ஊரிலிருந்த மருத்துவமனை லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகையை இணையம் வழியாகத் தன் கணினியோடு இணைத்திருந்தான் ஜெபராஜ். பழுதைப் பிடிக்க, நிரல் ஓடிவந்து நிற்கும்படி ஒரு வரியில் சிவப்புப் புள்ளி வைத்தான். லிஃப்டுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நிரல் நின்றது; லிஃப்டும் இரு மாடிகளுக்கு நடுவே நின்றது. லிஃப்டின் அவசரத் தொலைபேசி அழைப்பு, பழுது பார்க்கும் அவனுக்கே வந்து, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் ஒலித்தது.

“சார், கூட்டுற பரிமளம் பேசுறேன். ஈரக் கையோட பட்டனைத் தொட்டுட்டேன். சூப்பர்வைசர்ட்ட சொல்லிராதீங்க, வேலைய விட்டுத் தூக்கிருவாரு.”

அவன் புள்ளியை எடுத்து நிரலை ஓடவிட்டான். லிஃப்ட் நகர்ந்தது.

“பாத்தீங்களா சார், கையத் துடைச்சதும் ஓடுது!”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தவன், “இனிமே பாத்துத் தொடுங்கக்கா” என்றான்.

“சரிங்க சார்.”

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பட்டனைச் சேலைத் தலைப்பால் திரும்பத் திரும்பத் துடைக்கும் சத்தம் அவன் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.