பிசின் கை

தகராறு என்றுதான் அணியில் அவனுக்குப் பெயர். கோச்சின் மீது அவன் மனசுக்குள் ஒரு குற்றப்பத்திரிகை வைத்திருந்தான். வரிசை மாறாமல் சொல்வான்.

முதல் குற்றம்: பயிற்சி முகாமில், சங்கம் மாற்றித் தராத கிழிந்த ஷூக்களை நடுவில் குவித்து அவன் மொத்த அணியையும் தரையில் உட்கார வைத்த அன்று, கோச் வாயைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

இரண்டாவது: புது ஷூ வந்தது. எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். மறுநாளே அவன் கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி வேறொருவனுக்குக் கட்டினார்.

மூன்றாவது: அணியை அறிவித்த அன்று, அத்தனை பேர் முன்னாலும் சங்கச் செயலாளரிடம் சொன்னார்: "பந்து மூட்டை தூக்க ஒரு ஆள் வேணுமே சார். இவன் வரட்டும்."

நான்காவது: இத்தனை நாடுகள் கூடியிருக்கும் விளையாட்டு விழாவில், ஆண்கள் ஹேண்ட்பால் தொடங்கியதிலிருந்து ஓர் ஆட்டத்திலும் அவனை இறக்கவில்லை.

இன்று கடைசி ஆட்டம். வெண்கலத்துக்கு. தகராறு இன்றும் பெஞ்சில்தான்.

பெஞ்சில் இருந்து இருந்து அவனுக்கு ஆட்டமே கனவு மாதிரி ஆகியிருந்தது. நீலத் தரை குளம்போல மினுங்கியது. ஆட்கள் அதன்மேல் மிதந்தார்கள். கூட்டத்தின் இரைச்சல், பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதுபோல் எங்கோ கேட்டது. இடது ஓரத்திலிருந்து ஒருவன் எழும்புகிறான். காற்றிலேயே கொஞ்சம் நிற்கிறான். இறங்க மனமில்லை அவனுக்கு. யாரென்று பார்த்தால், தகராறேதான்.

"என்ன மச்சான், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறியா?" பக்கத்திலிருந்த மாற்று கீப்பர் விலாவில் இடித்தான்.

"பொண்ணு நேத்து போன்ல கேக்குதுடா, 'அப்பா, நீ நெஜமாவே அந்த ஊர்லதான் இருக்கியா'ன்னு. தினமும் டிவியில தேடுதாம்."

"கேமரா இந்தப் பக்கம் திரும்பட்டும். நான் குனிஞ்சுக்கறேன், நீ தெரிவே."

பெஞ்சின் மறுகோடியில் செயலாளர், அணி மேலாளர் என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பந்தை எறிவதா உதைப்பதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. நான்கு கோல் முன்னிலை. இனித் தோற்க வழியில்லை.

தகராறு எழுந்து கோச்சின் பக்கத்தில் போய் நின்றான். "கோச் சார், இப்பவாவது..."

கோச் திரும்பவில்லை. அவர் விரல்கள் பிசின் டப்பாவை நோண்டிக்கொண்டிருந்தன. பந்து நழுவாமலிருக்க ஆட்டக்காரர்கள் கையில் தடவிக்கொள்ளும் பிசின் அது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "கோச், ஞாபகம் இருக்கட்டும். நீங்க இவனை உள்ள அனுப்பினா, நான் உங்களை வெளிய அனுப்புவேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"இவனைப் போய் இறக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா சார்?" என்றார் கோச்.

ஐந்தாவது குற்றம் என்று தகராறு எண்ண ஆரம்பித்தான்.

எண்ணி முடிக்கவில்லை. முதுகில் பலமாக ஒரு தள்ளு.

கோட்டைத் தாண்டிப் போய் நீலத் தரையில் விழாத குறையாக நின்றான். கால் நனையவில்லையே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர்!

விசில் கனவைக் கிழித்தது. நடுவர் இரண்டு விரலை உயர்த்தினார். ஒலிபெருக்கி அவன் எண்ணையும் பெயரையும் வாசித்தது. அனுமதியில்லாமல் களத்தில் நுழைந்த குற்றத்துக்கு இரண்டு நிமிடம் வெளியே.

அரங்கம் சிரித்தது. பெரிய திரையில் அவன் முகம். ஆசைப்பட்டபடி மகள் அப்பாவைப் பார்த்துவிட்டாள், குற்றவாளியாக.

"யோவ் கோச், என்னய்யா பண்ணீங்க?" செயலாளர் துள்ளினார்.

"கை வழுக்கிடுச்சு சார்."

தகராறு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மணி ஒலித்தது. நண்பர்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரண்டார்கள். அவனும் எழுந்தான். பனியன் முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு 'சர்'ரென்று பிரிந்தது.

மேடைக்கு வரிசை நின்றது. செயலாளர் குறுக்கே கையை நீட்டினார்.

"நீ எங்கப்பா? இந்த விழாவோட விதி தெரியாதா? களத்துல இறங்காதவனுக்குப் பதக்கம் கிடையாது. போய் மூட்டைக்குக் காவல் இரு."

பதக்கத் தட்டோடு நின்ற அதிகாரி அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இவர் இறங்கினாரே?"

"அது... தப்பா இறங்கினாம்மா."

"தப்பா இறங்கினாலும் இறங்கினதுதானே சார்? இறங்காத ஆளுக்கா நாங்க தண்டனை குடுத்தோம்? அரங்கமே கேட்டுச்சே!"

செயலாளரின் கை தானாகக் கீழே இறங்கியது.

தகராறு திரும்பிப் பார்த்தான். கூட்டத்துக்கு வெளியே, யாரும் கண்டுகொள்ளாத ஒரு தூணடியில், கோச் துண்டால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒட்டியது போகவில்லை. பந்தையே நழுவவிடாத பிசின் அது. அந்தக் கைதான் வழுக்கிவிட்டதாம்.

குற்றப்பத்திரிகையின் முதல் வரி என்னவென்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

படியேறும்போது கால் தரையில் பாவவில்லை. ஒலிபெருக்கி மறுபடி அதே பெயரை வாசித்தது. தகராறு என்றல்ல, அப்பா வைத்த பெயரை, முழுசாக, அரங்கமே சாட்சியாக.