ரெண்டே முக்கால்

அணில் அம்மா குட்டிக்குத் தாவக் கற்றுக்கொடுத்தது. முருங்கைக் கிளைக்கும் எதிர் மதிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

"பின்னங்காலை மடக்கு. மதிலைப் பாரு, கீழே பார்க்காதே. மூணு சொன்னதும் தாவு. ஒண்ணு... ரெண்டு..."

குட்டி காலை மடக்கியது. அம்மா கீழே எட்டிப் பார்த்தது.

"ரெண்டே கால்... ரெண்டரை... இரு, காத்து அடிக்குது. முதல்லேருந்து எண்ணலாம்."

நாலு நாளாக இதே பாடம்தான். மூணு மட்டும் வரவேயில்லை.

ஐந்தாம் நாள், "ரெண்டே முக்கால்" என்றபோது கிளை ஆடியது. அடிமரத்தில் பூனை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. குட்டி சட்டென்று தாவி மதிலில் இறங்கியது. திரும்பினால், அம்மா பூனையையே பார்த்துக்கொண்டு கால் எழாமல் நின்றது.

"கீழே பார்க்காதேம்மா, என்னைப் பாரு!" என்று குட்டி கத்தியது. "மூணு!"