பெரியவரின் கையெழுத்து

அய்யாவு என் வாயிலேயே அறைந்தார்.

அறைந்த வேகத்தில் டேப்லெட் ஒரு பக்கம், கையெழுத்து வாங்குகிற பாரம் ஒரு பக்கம், நான் சேற்றில். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. எனக்கு முப்பத்து நாலு வயசு. என் அப்பாகூட என் மேல் கை நீட்டியதில்லை. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிற ஆள், அவர் கை எப்படி இருக்கும்? பலகை மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் நான் செய்த குற்றம், ஆற்றைப் பார்த்து "பெரியவரே, பெரியவரே" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டது. அவ்வளவுதான்.

நானும் என் புருசன் திமோத்தியும் செனாய் டவுனிலிருந்து வந்திருந்தோம். பொதுமக்கள் நடக்கிற பாதை, பூங்கா, கயாக் படகு இறக்குகிற ஆற்றுத்துறை எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. பத்து பாகாட் டவுனைத் தாண்டி, தோட்டத்து ஓரத்தில் இருக்கும் இந்த இடம் பதினாலாவது துறை.

இதே அய்யாவுதான் போன மாதம் இதே கரையில் நின்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "பெரியவர் இருக்காரு, தங்கச்சி. ரொம்ப வருசமா இங்கதான். காலையில வெயில் காய வருவாரு" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அக்கரையில் ஒரு பலகை வீடும் தெரிந்தது. சரி என்று எழுதிக்கொண்டேன்.

துறையை வரைபடத்தில் ஏற்ற, பக்கத்தில் வசிப்பவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். அதற்காகத்தான் இன்று காலை ஒன்பது மணிக்கே வந்தோம். பெரியவருக்கென்று ஒரு டின் பிஸ்கட்கூட வாங்கி வந்திருந்தேன்.

வெயில் வந்துவிட்டது. அவரைக் காணோம். திமோத்தி ஆழம் பார்க்கிற கம்போடு முழங்கால் தண்ணீரில் நின்றான். கம்பால் தண்ணீரைத் தட்டித் தட்டி அவனும் என்னோடு சேர்ந்து கூப்பிட்டான்.

அப்போதுதான் பனைகளுக்கு நடுவிலிருந்து அய்யாவு ஓடி வந்தார். கையில் பாராங் கத்தி. கூப்பிடாதே, வாயை மூடு என்று கத்திக்கொண்டே வந்து என்னை அறைந்தார்.

அறைந்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியை ஓங்கிக்கொண்டு நேராகத் திமோத்தியை நோக்கி இறங்கினார். "பெரியவரு! பெரியவரு!" என்று அலறினார்.

அலமாக், எங்களை அடிக்க அந்தக் கிழவனையும் துணைக்குக் கூப்பிடுகிறாரே என்று நினைத்தேன். துறை வந்தால் தாங்கள் மீன் பிடிக்கிற இடம் பறிபோகுதே என்ற ஆத்திரமாக்கும். அதுக்காக ஆளையா வெட்டுவாங்க?

திமோத்தி சிரித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படித்தான், சண்டை என்றால் முதலில் சிரிப்பான். "ரிலெக்ஸ் லா, அங்கிள்" என்றான்.

என் புருசனை வெட்ட வருகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேனா? எங்கள் முக்காலி ஸ்டாண்ட் பக்கத்தில் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவர் மணிக்கட்டில் இறக்கினேன். காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. கத்தி தண்ணீரில் விழுந்து மறைந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு அடி போட ஓங்கினேன்.

திமோத்தி சிரிப்பை நிறுத்தினான்.

அவன் வழுக்கி விழவில்லை. கீழேயிருந்து யாரோ இழுத்த மாதிரி இடுப்பு வரை போனான், அப்புறம் கழுத்து வரை. பழுப்புத் தண்ணீர் சிவப்பாகச் சுழன்றது. "ஏஞ்" என்றான். ஏஞ்சலா என்று முழுசாகச் சொல்ல அவனுக்கு நேரம் இல்லை.

அய்யாவு உடைந்த கையோடு பாய்ந்தார். நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்தார். கத்தி இல்லை. மிதந்த ஆழக்கம்பை உடைந்த கையின் அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். நான் ஜேசுவே ஜேசுவே என்று கதறிக்கொண்டு அவனுடைய இன்னொரு தோளைப் பிடித்து இழுத்தேன்.

திடீரென்று அவன் லேசாகிவிட்டான். மூன்று பேரும் கரையில் விழுந்தோம்.

திமோத்தியின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

தன் பெல்ட்டை உருவி அவன் தொடையில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கியதும் அய்யாவுதான். குலை ஏற்றுகிற லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லாரிக்காரர் ஓட்டினார். மண்பாதை முடிகிற வரைக்கும் அய்யாவு நல்ல கையால் அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். உடைந்த மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முதலைம்மா. தண்ணிக்கிட்ட நின்னு அந்தப் பேரச் சொல்ல மாட்டோம். பெரியவருன்னுதான் சொல்லுவோம், அதுவும் மெதுவா. போன மாசமே சொன்னேனேம்மா."

சொன்னார்.

திமோத்தியின் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருந்தது. சேறு பிடித்த பாரம் எப்படியோ என் கையோடு வந்துவிட்டது. கையெழுத்துப் போடுகிற இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே, போன மாதம் நான் மலாயில் எழுதியது அழியாமல் தெளிவாக இருந்தது.

துறை 14. பக்கத்தில் வசிப்பவர்: ஒரு முதியவர். பல வருடமாக இங்கே இருக்கிறார், ஆற்றை நன்றாகத் தெரிந்தவர். பிள்ளைகள் குளிக்க வரும் நாட்களில் பார்த்துக்கொள்ள இவரையே வைக்கலாம்.